கண்ணாடி எனக்குத்தான்

இன்று கணவரோடு திருப்பதியில் நீச்சல் கண்ணாடி வாங்கப் போனேன். முட்டிவலிக்கு நீந்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போன வாரம்தான் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன்.

"பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

பட்டையை மாட்டாமல், கண்ணாடியைக் கண்ணில் அழுத்திப் பார்த்தேன்; அப்படியே ஒட்டி நின்றால்தான் தண்ணீர் உள்ளே போகாதாம். முதல் இரண்டும் நிற்காமல் விழுந்தன. அடுத்தது கையை எடுத்த பிறகும் அப்படியே ஒட்டி நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கணவரிடம் காட்டத் திரும்பினேன். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "தவள மாரி கீற. இந்த வயசுல நீச்சல் கத்துக்கினு இன்னா பண்ணப் போற?" கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

வீடு சேர்வதற்குள் படம் குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது. நாத்தனார் தொடங்கி எல்லாரும் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்கள். முட்டி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கண்ணாடியை வாங்கிவிட்டேன். நாளை நீச்சல் குளத்துக்குப் போகிறேன்.

தலையைத் தண்ணீருக்குள் விட்டால் வெளியே சிரிப்பது காதில் விழாதாமே, உண்மையா? நீந்தத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.