ரோசெந்தோவின் கை

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் முகாமில் ரோசெந்தோ பக்கத்தில் ஒருவனும் உட்காரமாட்டான். மற்ற நாளெல்லாம் "மாமா, என் காலுறை எங்க? இந்தக் கறை போகுமா?" என்று அவரைச் சுற்றி வருகிற அதே பயல்கள்தான். சமையல்கட்டில் நின்றபடி வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். பெரிய லீக் கனவோடு அரிசோனா வெயிலில் பேஸ்பால் பழக வந்தவர்களில் வேண்டாதவர்களைக் கழித்துக் கட்டும் வாரம் அது. காலையில் ஆபீசில் பெயரைச் சொல்வார்கள். துணி துவைத்துக் கொடுக்கும் ரோசெந்தோ போய் அந்தப் பையனின் தோளில் கை வைப்பார். வார்த்தை எதுவும் கிடையாது. பையன் எழுந்து மேனேஜர் அறைக்குப் போவான். மத்தியானம் அவன் பெட்டி வாசலில் இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவர்கள் இந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்தக் கையை அவர் வேறு யார் தோளிலும் வைத்ததில்லை. மாதா கோயில் பூசையில்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். மகள் மரிசேலா அழுதால் தலையைத்தான் தடவுவார்.

இந்த வருஷம் மரிசேலாவுக்கு நிச்சயமாகியிருந்த யெய்சனே முகாமில் பந்து வீசிக்கொண்டிருந்தான். டொமினிக்கன் நாட்டுப் பையன். டீமில் இருக்கும்வரைதான் விசா. மே மாதம் கல்யாணம். வேலையில்லாதவனாக மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கமாட்டேன், ஊருக்கே போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான், ரோஷக்காரன்.

"ஒரு வாய் சாப்பிடேன் ரோசெந்தோ" என்றேன்.

"எறங்க மாட்டேங்குது சாயோ. அந்த ஆபீஸ் கதவத் தொறக்கறப்பவே யார் பேரு வருமோன்னு இருக்கு."

"என்னால முடியாதுன்னு சொல்லிடேன்."

"வேற எவனாவது வருவான். அவன் கை எப்படி இருக்குமோ."

எனக்கும் அந்த வாரம் சமையலில் கவனமே இல்லை. முட்டை தீய்ந்தது. பீன்ஸில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

கடைசி நாள் காலையில் ஆபீசிலிருந்து வந்த ரோசெந்தோவின் முகம் மலர்ந்திருந்தது. இனிப் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நேராகச் சாப்பாட்டு அறைக்குள் வந்தவர், சந்தோஷத்தில் தன்னை மறந்து, பின்னாலிருந்து யெய்சனின் தோளில் கை வைத்துவிட்டார்.

யெய்சன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான்.

"டேய், நில்லுடா, அதுக்கில்ல" என்று ரோசெந்தோ பின்னாலேயே ஓடினார். பாவம், முட்டிவலிக்காரர். நானும் கரண்டியோடு ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் யெய்சனின் குரல் நடை முழுக்கக் கேட்டது.

"மூணு வருஷமா நான் எறியறத என்னைக்காவது பாத்திருக்கீங்களா? கறுப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தூங்கற ஆளு, நீங்க என்னக் கழிக்கிறீங்களா?"

கோச்சுகள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உன்ன யாரு தம்பி கூப்பிட்டா?" என்றார்.

அன்று முழுக்க ரோசெந்தோ அவரிடம் கெஞ்சினார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டுதான் கேட்டார். மறுநாள் காலையில் ஆபீசில் ஒரே ஒரு பெயர் சொன்னார்கள்.

போகாதே என்று ரோசெந்தோவை வழிமறித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். யெய்சன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு ரோசெந்தோ நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"பரவால்ல, வைங்க மாமா" என்றான் யெய்சன், தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்து.

ரோசெந்தோ வைத்தார். அவன் எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அப்படியே அவனோடு நடந்து மேனேஜர் அறைக்குள் போனார்.