அண்ணி கொண்டுவந்த பஸ்

விருத்தாசலத்தைவிட்டு நாங்கள் புறப்பட்ட அன்று, சாமான் ஏற்றிய லாரியின் முன்பக்கத்தில் அண்ணி ஓர் உப்பு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செராமிக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து கொடுத்தது அது. பாத்திர மூட்டைகளோடு பின்னால் வைத்தால் உடைந்துவிடும் என்று, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று ஊர் ஊராகத் தாண்டிய அத்தனை நேரமும் இரண்டு கைகளாலும் அணைத்தபடியே வந்தார். அவருக்கும் அண்ணனுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நான். அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தேன். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் நிலத்தோடு இருந்துவிட்டார். என்னைப் படிக்கவைக்கும் பொறுப்பை அண்ணன் ஏற்றிருந்தான். உண்மையில் அதை ஏற்றுக்கொண்டவர் அண்ணி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் ஒரு தொழிற்சாலையில் அண்ணனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே, ஏரிக்கு அப்பால் புதிதாக மனை பிரித்த நகர் ஒன்றில், ஒரு மூலை மனையில் சின்னதாக வீடு கட்டியிருந்தான். மனை விற்றவர்கள் கொடுத்த வண்ணத் தாளில் ‘ஐந்தே நிமிடத்தில் பேருந்து நிறுத்தம்’ என்று அச்சிட்டிருந்தது. முதல் நாள் காய்கறி வாங்க நெடுஞ்சாலைவரை நடந்துபோய்த் திரும்பிய அண்ணி, வாசற்படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே அந்தத் தாளை எடுத்துவரச் சொன்னார். “அஞ்சு நிமிசம்னு போட்டாங்களே, எதுலன்னு போட்டாங்களா பாரு பாப்பா. ஏரோப்ளேனா இருக்கும்” என்றார். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். வழியெல்லாம் ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சீமைக் கருவேலம். சென்னைக்குப் பக்கத்தில் குடிபோகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். சென்னை அந்த ஏரிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது.

பள்ளிக்கூடம் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நான் தினமும் நடந்தேன். பிளஸ் ஒன் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது ஒரு மாலையில், கூட வரும் பிள்ளைகள் யாரும் வராத நாளில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் என்னை உரசுவதுபோல் வந்து புத்தகப் பையைப் பிடித்து இழுத்தார்கள். கரைச் சரிவில் உருண்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். முழங்கால் கிழிந்து, சீருடையெல்லாம் சேறாக வீடு வந்து சேர்ந்தேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை, யாரையும் திட்டவில்லை. “பாப்பா ஸ்ரீமுஷ்ணத்துக்கே போயிடட்டும். அப்பாகிட்ட இருக்கட்டும்” என்றான். அதன் பொருள் மூவருக்கும் தெரியும். அங்கே போனால் படிப்பு அத்தோடு சரி. ஒரு வருடத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

அண்ணி என் முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. “புள்ள எங்கயும் போவாது. பஸ்ஸுதான் இங்க வரும்” என்றார்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் என்னோடு அவரும் நடந்தார். அப்படி நடந்ததில்தான், அந்தக் கரையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகப் பேருந்துப் பணிமனைக்குப் போனார். மேலாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். “எல்லாம் காலி மனையா கெடக்குதும்மா. அங்க பஸ்ஸ வுட்டா டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கிட்டே போயிட்டு வர வேண்டியதுதான்” என்றாராம். அண்ணி அழுதுகொண்டு வருவார் என்று நினைத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

விருத்தாசலம் கம்பெனியில் அவருக்குச் சரிபார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப்பார்த்து, கீறல் விட்டதை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு கோடு போட வேண்டும். “வாயால சொன்னா சூப்பர்வைசர் நம்ப மாட்டாரு. கோட்டக் காட்டுனா அவருக்குப் பேச்சு வராது” என்பார். அதே கோடுகளை இப்போது ஏரிக்கரை முடியும் இடத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து போட ஆரம்பித்தார். பள்ளிப் பெண்களுக்கு ஒரு பக்கம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு பக்கம், வயதானவர்களுக்கு ஒரு பக்கம். மழை வந்தால் நோட்டை முந்தானைக்குள் செருகிக்கொள்வார். சிலர் அவரைப் பைத்தியம் என்றார்கள். எனக்கே வகுப்புத் தோழிகள் முன்னால் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்து இன்று கூசுகிறேன்.

நோட்டு நிரம்பியதும் என்னையும் அழைத்துக்கொண்டு பணிமனைக்குப் போனார். மேலாளரின் மேசையில் அதை விரித்துவைத்தார். “இது இன்னாம்மா, வெறும் கோடு?” என்றார் அவர்.

“ஒவ்வொரு கோடும் ஒரு ஆளு சார். நடந்துக்கிட்டு இருக்குது” என்றார் அண்ணி.

மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பள்ளிப் பெண்களின் பக்கங்களில் நிதானித்தார். பிறகு அண்ணியை உட்காரச் சொன்னார். “ஆளு இருக்குதும்மா, ஒத்துக்கறேன். ஆனா பஸ்ஸு திரும்ப எடம் வேணும். எடத்தக் காட்டுங்க, மேல எழுதறேன்.”

எங்கள் வீட்டு மூலைக்கு எதிரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று கருவேலம் மண்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் யாரோடும் அதிகம் பேசாத என் அண்ணி வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைத்தியம் என்று சொன்னவர்கள் உட்பட, அரிவாளும் மண்வெட்டியுமாக வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. அடுத்த வாரம் மேலாளரே ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் அடியளந்து நடந்து பார்த்து, எங்கள் வீட்டு மூலையில் வந்து நின்று தலையை ஆட்டினார். “எல்லாம் சரி. இந்தச் சொவுருதான் இடிக்குது சார். இது நின்னா பின்பக்கம் வளையாது.”

அது அண்ணன் கட்டிய சுற்றுச்சுவர். பொங்கலுக்குத்தான் பூசி, தன் கையாலேயே பச்சை வர்ணம் அடித்திருந்தான். விருத்தாசலத்திலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டுவான். அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் அதுவரை எதையும் அவர் கேட்டதில்லை, அப்போதும் கேட்கவில்லை. அண்ணன் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். கோபித்துக்கொண்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். கடப்பாறையோடு வெளியே வந்தான். “எதுவரைக்கும் இடிக்கணும் சார்?” என்றான்.

பஸ் வந்த காலையில் மொத்த நகரும் தெருவில் நின்றது. அண்ணனின் சுவர் இருந்த மூலையில் அது ஒரே வளைப்பில் திரும்பியபோது எழுந்த கூச்சலில் ஏரிக் கொக்குகள் பறந்தன. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினோம். பார்த்தால் அண்ணியும் உள்ளே இருந்தார். அடுப்பில் வேலை போட்டது போட்டபடி, கையில் பைகூட இல்லாமல். “எங்கம்மா போவணும்?” என்றார் நடத்துநர். “எங்கயும் போவல. சும்மா போயிட்டு வரேன்” என்றார் அண்ணி. ஏரிக்கரையின் முழு நீளத்துக்கும் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை நாள் நடந்தும் அந்த ஏரி இவ்வளவு அழகென்று தெரியவில்லை என்று அன்றுதான் சொன்னார்.

நான் பிளஸ் டூ முடித்தேன். மருந்தியல் படித்தேன். இன்று அதே நெடுஞ்சாலையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகம் என் பொறுப்பில் இருக்கிறது. அந்த நகரிலேயே, அண்ணன் வீட்டுக்கு நான்காவது தெருவில் குடியிருக்கிறேன். இப்போது அங்கே காலி மனை என்று ஒன்று இல்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்கள் வருகின்றன. நிறுத்தத்துக்கு நிழற்குடை போட்டிருக்கிறார்கள். அதற்கு அண்ணியின் பெயரை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் அவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போக அந்த நிழற்குடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் புதிதாகக் குடிவந்த இளம்பெண்கள் சிலர் கைப்பேசியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக நின்றார்கள். “பத்து நிமிஷம் லேட்டு. இந்த ஏரியாவுக்கு பஸ் விடறதும் ஒண்ணு, விடாததும் ஒண்ணு” என்று ஒருத்தி வெடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“திட்டட்டும் வுடு பாப்பா. வராத பஸ்ஸ யாராச்சும் லேட்டுன்னு திட்டுவாங்களா?”

சொல்லி முடிப்பதற்குள் பஸ் திரும்பியது. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பெண்களை முழங்கையால் விலக்கிவிட்டு, முதல் ஆளாக ஏறினார்.