ஓமிர்சாக்கின் வயலுக்கு வந்த உதவி

எங்கள் மாவட்டத்திலேயே அழுக்கான வயல் ஓமிர்சாக்குடையதுதான். இதை அவருடைய பகையாளி சொல்லவில்லை. அப்படி ஒருவர் அவருக்குக் கிடையாது. சொன்னவர் அவர் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்த சம்பந்தி சைத்கலி. அதுவும் ஓமிர்சாக் வீட்டில் உட்கார்ந்து, ஓமிர்சாக் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே.

"கோவிச்சுக்காதீங்க சம்மந்தி. உங்க வயலப் பாத்தா ஒரு மாசமா சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரி இருக்கு."

"தாடி இருந்தாத்தானே சம்மந்தி குளிரு தாங்கும்?"

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். காத்தடிக்கிறப்ப வாயத் தொறந்தா யாரு வாயில மண்ணு விழும்னு பாப்போம்."

எங்கள் புல்வெளியில் நல்ல விவசாயி என்றால் அக்டோபரில் அவன் நிலம் உழுதுபோட்டு அடுப்புக்கரி போலக் கறுத்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரிகள் காரில் போகிறபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கோதுமை விளைகிறதா என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்க அவர்கள் காரை நிறுத்துவதில்லை.

ஓமிர்சாக்கும் ஒரு காலத்தில் கறுப்புக் கட்சிதான். அரசுப் பண்ணைக் காலத்தில் உழவுப் போட்டியில் ஜெயித்து, சிவப்புக் கொடியும் ஒரு வானொலிப் பெட்டியும் வாங்கியவர். அகல உழுவதைவிட ஆழ உழு என்பதை வேதமாகக் கொண்டவர். ஒரு மே மாதம் அடித்த காற்றுதான் அவரை மதம் மாற்றியது. மூன்று நாள் பகலிலேயே விளக்கு ஏற்றினோம். காற்று ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால், அவர் வயலின் மேல்மண், விதையோடு சேர்ந்து, சாலையைத் தாண்டிப் போயிருந்தது. விதைத்தவர் ஓமிர்சாக், முளைத்தது சைத்கலியின் ஓடைப் பள்ளத்தில். சைத்கலி அதைத் தன் ஆடுகளுக்கு விட்டு மேய்த்தார். சம்பந்தியிடம் நன்றியும் சொன்னார்.

அதோடு ஓமிர்சாக் கலப்பையை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டார். கோழிகள் அதில் குடியேறின. அறுவடைக்குப் பிறகு அரிதாளை அப்படியே நிற்க விட்டார். நின்ற தாள் குளிர்காலத்துப் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்களுக்கு மழை என்பது பாதி வதந்தி, பனிதான் தண்ணீர். வசந்தத்தில் தாளுக்கு நடுவே கோடு கீறி விதையைப் போடும் ஒரு விதைப்பு இயந்திரத்தைப் பக்கத்து மாவட்டத்திலிருந்து பழையதாக வாங்கி வந்தார்.

முதல் சில வருஷம் களைதான் நன்றாக விளைந்தது. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. நான்காம் வருஷம் ஒரு மண்புழு கிடைத்தது. அதைத் தேநீர்க் கிண்ணத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார். மனைவி பிபினூர் கத்திய கத்தலில் நாய் ஓடிவிட்டது.

"விருந்தாளி குடிக்கிற கிண்ணத்துலயா கொண்டு வருவீங்க?"

"இதுவும் விருந்தாளிதான்டி. நாப்பது வருஷம் கழிச்சு வந்திருக்கு."

ஆறாம் வருஷம், செங்கல்லாக இருந்த மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் நாலைந்து வருஷம் யாரும் கிண்டாமல் விட்டால் போதும், மண் பழைய மண்ணாகிவிடும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்: யாரும் ஒன்றும் செய்யாமலிருப்பது. எங்கள் ஊரில் அதைவிட அரிய பொருள் கிடையாது.

அந்த அக்டோபரில் அவருடைய குடல்வால் வெடித்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிபினூரும் கூடவே போய்விட்டாள். சைத்கலி குதிரைக்கறித் தொத்திறைச்சியோடு பார்க்க வந்தார். வைத்தியர் கஞ்சி மட்டும் என்று சொல்லியிருந்ததால், அதைத் தானே தின்றார்.

"வயலப் பத்திக் கவலையே படாதீங்க சம்மந்தி," என்று கண்ணடித்தார்.

"எனக்கென்ன கவலை? அது பாட்டுக்கு இருக்கு."

"அதான் சொல்றேன், கவலையே படாதீங்க."

மயக்க மருந்து முழுதும் தெளிந்திருந்தால் அந்தக் கண்ணடிப்பின் அர்த்தம் ஓமிர்சாக்குக்குப் புரிந்திருக்கும்.

எங்களிடம் அசார் என்றொரு வழக்கம் உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் ஊரே கூடி அவன் வேலையை முடித்துக் கொடுக்கும். கூலி கேட்கக் கூடாது; சாப்பாடு மட்டும் போட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் படுத்திருப்பவனை யாரும் கேட்பதில்லை. உழவுச் சாம்பியன் ஆறு வருஷமாக உழாமல் இருப்பதற்கு டீசலுக்கு வழியில்லாததே காரணம், வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் தாடி, பனி, புழு என்றெல்லாம் கதை விடுகிறார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. ஊர் முடிவு கட்டினால் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களைச் சைத்கலிதான் காரில் கூட்டி வந்தார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. வயலோரம் ஊரே டிராக்டர்களோடு நின்று கைதட்டியது. எதிரே கறுப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று கறுப்பு.

ஓமிர்சாக் காரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்டார்.

"சாணுக்கு மேல! சாம்பியன் வயலாச்சே, மேலாப்புல கீறிட்டுப் போக முடியுமா?" என்றார் சைத்கலி. "அந்தக் கோடியில மட்டும் கலப்பை ஒடைஞ்சு போச்சு சம்மந்தி. ஒரு துண்டு நின்னுபோச்சு. மன்னிக்கணும்."

ஓமிர்சாக்கின் கண்ணில் தண்ணீர் வந்தது. நன்றி மிகுந்த மனிதன் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

அன்றே ஆடு அறுக்க வேண்டியதாயிற்று. கௌரவ விருந்தாளிக்கு ஆட்டுத்தலை வைப்பது முறை. தன் வயலைப் புரட்டியவர் முன்னால், தையல் பிரிக்காத வயிற்றோடு குனிந்து, ஓமிர்சாக்கே வைத்தார். சைத்கலி தலையிலிருந்து காதை அறுத்தார். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காது அது. அதைச் சம்பந்தியின் தட்டில் வைத்தார். பந்தியே உருண்டு சிரித்தது.

ஓமிர்சாக் பேச எழுந்தார். பிபினூர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பொண்ணு அந்த வீட்டுல இருக்கா," என்றாள் பல்லுக்குள்ளேயே.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி," என்று சொல்லி உட்கார்ந்தார். காதைத் தின்றார்.

அந்தக் குளிர்காலத்துப் பனி கறுப்பு நிலத்தில் நிற்காமல் ஓடிப்போய்ப் பழைய இடத்தில், சைத்கலியின் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. கலப்பை உடைந்த துண்டில் மட்டும் முழங்கால் உயரம் நின்றது. மே மாதக் காற்றும் தவறாமல் வந்து, எடுத்துப்போக வேண்டியதை எடுத்துப்போனது. ஜூலையில் வயல் முழுக்கச் சொட்டைத் தலை. அந்தத் துண்டில் மட்டும் இடுப்பளவு கோதுமை.

இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? ஓமிர்சாக் சம்பந்தியைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டினார். சைத்கலி வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"வெக்கமா இருக்கு சம்மந்தி. செஞ்ச வேலைய அரைகுறையா விட்டுட்டோம்."

"ஐயோ சம்மந்தி! உழாம விட்டதாலதான் அங்க விளைஞ்சிருக்கு!"

"நீங்க பெருந்தன்மையான ஆளு, அப்படித்தான் சொல்வீங்க."

"பெருந்தன்மை இல்ல, நெசமாவே..."

"ஒண்ணும் பேசாதீங்க. கலப்பைய ஒட்டவெச்சாச்சு. நீங்க மட்டும் ஒரு நாள் படுங்க, மிச்சத்தையும் முடிச்சுத் தர்றோம்."

இப்போது மறுபடி அக்டோபர். ஓமிர்சாக் வயலில் தாள் நிற்கிறது, கணக்கு மறுபடி முதல் வருஷத்திலிருந்து. அவர் தும்முவதென்றால் மாட்டுக்கொட்டகைக்குள் போய்த் தும்முகிறார். முட்டி வலியோடு தெருவில் ராணுவ வீரன் மாதிரி நடக்கிறார். நேற்று கடைவாய்ப்பல் வீங்கி, ஒரு பக்கக் கன்னம் பன் போல இருந்தது.

"என்ன சம்மந்தி, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஆசையாக விசாரித்தார் சைத்கலி.

"மிட்டாய்," என்றார் ஓமிர்சாக், வாயைத் திறக்காமலே. ஒரு மணி நேரம் கழித்தும் அந்த மிட்டாய் கரையவில்லை. சைத்கலி டிராக்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.