பதினைந்து சென்ரிமீற்றர் அரசு

1. வாஃபிள் இரும்பு

பட்டறைக்குப் பொறுப்பாளராகி நான் செய்த முதல் வேலை, வாஃபிள் சுடும் இரும்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதுதான். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போல இருக்கிறது. அன்றைக்கோ பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட நினைப்பு.

ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தின் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள் நான். கண்காட்சிக்கு வேண்டிய பீடங்கள், சுவர்ப் பலகைகள், கண்ணாடிப் பெட்டிகளின் உள்வேலை எல்லாம் அங்கேதான் நடக்கும். முதலில் நிலம் துடைக்கத்தான் உள்ளே போனேன். மரத்தின் மணம் பிடித்துப்போய், வேலை பழகி, பரீட்சை எழுதித் தச்சராகிவிட்டேன். "மியூசியத்திலை வேலையெண்டு சொன்னவள், கடைசியிலை மரம் அரியிற வாளும் உளியுமோ?" என்று சொந்தக்காரர் மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். காலையில் ஹவுகெட்டோவில் ரயில் ஏறும்போதே எனக்குக் கை துறுதுறுக்கும்.

அப்போதைய பொறுப்பாளர் ஆர்னே. வெள்ளிக்கிழமை மதியம் வாஃபிள் என்ற கட்டம்போட்ட இனிப்பு அப்பம் சுடுவார். நோர்வேயில் பல வேலையிடங்களில் இந்த வழக்கம் உண்டு. ஆனால் ஆர்னேயிடம் ஒரு சட்டம் இருந்தது. அந்த வாரம் செய்த பிழையைச் சொன்னால்தான் தட்டில் வாஃபிள் விழும். ஆகப் பெரிய பிழைக்கு முதல் வாஃபிள், மேலே இரண்டு துண்டு பிறவுண் சீஸ். ஒருமுறை நான் ஒரு பீடத்தை இரண்டு சென்ரிமீற்றர் அகலமாகச் செய்துவிட்டு முதல் வாஃபிள் வாங்கினேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திங்கட்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து அதைச் சீவிச் சரிசெய்தோம். அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனம் இளகிவிடும்.

ஆர்னே ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். வெளிநாட்டுக்காரி, பெண், போதாக்குறைக்கு ஐந்தடி உயரம். என் காலத்தில் ஒரு பிழையும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிழை செய்தவருக்குப் பலகாரமா? வாஃபிளை நிறுத்தினேன். இனிமேல் ஒவ்வொரு பிழைக்கும் 'அவ்விக்' என்ற படிவம் நிரப்பி, செய்தவரின் பெயரைப் போட வேண்டும் என்றேன். முதல் கூட்டத்தில் யாரோ சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. "தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கிறவருடைய பெயரில் இரண்டாவது அவ்விக் வந்தால், ஒப்பந்தம் நீடிக்காது!" என்று கத்திவிட்டேன்.

அப்படிச் செய்ய எனக்கு ஒரு துளி அதிகாரமும் கிடையாது. முயன்றிருந்தால் தொழிற்சங்கம் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சொன்னதை அன்று மாலையே மறந்தும்விட்டேன்.

முதல் மாதம் ஐந்து அவ்விக் வந்தன. பிறகு ஏழு மாதம் ஒன்றும் இல்லை. பெரிய சைபர் ஒன்றை அச்சடித்துப் பட்டறைக் கதவில் ஒட்டினேன்.

2. 'நீர்' என்றால் ராஜா நாடகம்

பட்டறையில் இன்னொரு தமிழர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தாறு வயது. மனைவி, மகளோடு ஹவுகன்ஸ்டுவாவில் வாடகை வீடு. தளபாட வேலையில் அப்படியொரு கை. அவர் தேய்த்த மரத்தில் கன்னத்தை வைத்துப் பார்க்கலாம்.

அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் முதலில் கொஞ்சம் முட்டிக்கொண்டன. நான் யாழ்ப்பாண வழக்கப்படி, "செந்தில், நீர் அந்தப் பலகையை ஒருக்கா எடும்" என்பேன்.

"அக்கா, நீங்க 'நீர்'னு சொல்றப்பல்லாம் ராஜா காலத்து நாடகத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரிப்பார்.

"அப்ப நான் ராணியெண்டு வைச்சுக்கொள்ளும்."

அந்தப் பகிடி எனக்குப் பிடித்திருந்தது. முதல் மாதத்து ஐந்து அவ்விக்கில் ஒன்று அவர் பெயரில் என்பதும், அவருடைய விசா அந்தத் தற்காலிக வேலையோடு கட்டியது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

3. சுவரில் சீனா

அந்த வருடம் பழைய சீனாவைப் பற்றிய கண்காட்சி வந்தது. சில அரச வம்சங்கள் ஏன் நின்று நிலைத்தன, சில ஏன் பொசுக்கென்று போயின என்பதுதான் பொருள். பொறுப்பு இங்ரிட் என்ற ஆய்வாளருக்கு. அவள் ஒரு யோசனை சொன்னாள். ஒரு வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர். ஒவ்வொரு வம்சத்துக்கும் அந்தக் கணக்கில் ஒரு நீட்டு மரத்துண்டு வெட்டிச் சுவரில் பதிக்க வேண்டும்.

சொல்லும்போது சுகமாக இருந்தது. சோ வம்சத்துக்கு எட்டு மீற்றர் வந்தது, சுவரின் மூலையைச் சுற்றிப் போனது. ஹானுக்கு நான்கு மீற்றர். தாங்குக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. சீனாவை முதன்முதல் ஒன்றாக்கிய சின் வம்சத்துக்கு வந்தது பதினைந்தே பதினைந்து சென்ரிமீற்றர். பெயரை ஒட்டவே இடம் போதவில்லை.

"இவ்வளவு பெரிய ஆக்களுக்கு இவ்வளவுதானோ?" என்று கேட்டேன். இங்ரிட் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ரோட்டுப் போட்டது, மதில் கட்டினது, அளவுகோலை ஒண்டாக்கினது எல்லாம் சின் ஆக்கள்தான். பிறகு வந்த ஹான், அதே நிர்வாகத்தைத்தான் வைச்சு நாலு நூற்றாண்டு ஓட்டினது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினது. அவ்வளவுதான்."

"சின் எப்பிடி விழுந்தது?"

"ஒரு மழையாலை. கூலியாக்கள் கொஞ்சப் பேரை எல்லைக்குக் காவலுக்கு அனுப்பினவை. வழியிலை வெள்ளம். நாள் பிந்திப் போச்சு. பிந்தினால் தலை போகும். கலகம் செய்தாலும் தலை போகும். ரெண்டும் ஒண்டுதானே, பிறகேன் போகவேணும் எண்டு கலகம் செய்திட்டினம். ஆனால் ஒண்டு, பிந்தினதுக்கு உண்மையிலேயே மரணதண்டனை இருந்ததோ எண்டு இப்ப ஆராய்ச்சியாளருக்குச் சந்தேகம். குற்றக்காசு மட்டுமாயும் இருந்திருக்கலாம்."

"அப்ப ஏன் பயந்தவை?"

"அரசு அப்பிடிச் செய்யும் எண்டு நம்பினவை. அது போதாதோ?"

தாங்கைப் பற்றியும் சொன்னாள். ஆரம்பத்து அரசன் ஒருவனுக்கு முகத்துக்கு நேரே பிழை சொல்ல ஒரு மந்திரி இருந்தானாம். அரசனுக்குக் கோபம் பொங்கும், ஆனாலும் கேட்டுக்கொள்வானாம்.

"அந்தச் சின் ராசாக்களுக்கு மூளையே இல்லை" என்று சொல்லிக்கொண்டே பதினைந்து சென்ரிமீற்றரையும் சுவரில் அறைந்தேன்.

4. மூடிய பெட்டிக்குள் மணம்

கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருந்தது. கண்காட்சியின் நாயகம் ஒரு ஹான் காலத்து வெண்கலக் கிண்ணம், வெளிநாட்டிலிருந்து இரவலாக வந்தது. காலையில் அதைப் பீடத்தில் ஏற்றிக் கண்ணாடியை மூடியிருந்தார்கள். மத்தியானம் பெயர்ப் பலகை ஒட்டப் போன நான், பெட்டியின் இடுக்கில் மூக்கை வைத்தேன். அது என் பழைய பழக்கம்.

புதுப் பெயின்ற் மணம் வந்தது.

எங்கள் தொழிலில் இது விளையாட்டில்லை. பெயின்ற் அடித்த பீடத்தைக் குறைந்தது நான்கு கிழமை, அதாவது நான்கு வாரம், காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி, உலோகத்தை அரித்துவிடும். அதற்காக ஒவ்வொரு பீடத்தின் அடியிலும் பெயின்ற் அடித்த திகதியை எழுதி ஒட்டுவோம். குனிந்து பார்த்தேன். ஐந்து கிழமைக்கு முந்தைய திகதி இருந்தது. பீடத்தின் மூலையில் நகத்தை அழுத்தினேன், பதிந்தது. யாரோ பொய்த் திகதி எழுதியிருக்கிறார்கள்.

உடனே ஆட்களைக் கூப்பிட்டுக் கிண்ணத்தை வெளியே எடுப்பித்தேன். நல்ல காலம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறைக்கு வந்து, யார் செய்தது என்று கேட்டேன். பட்டறையின் ஐந்து பேரும் ஆளுக்கொரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். திகதிச் சீட்டில் இருந்த கையெழுத்து எனக்குத் தெரியும். செந்திலை மட்டும் நிற்கச் சொன்னேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீர்?"

"டிராலி இடிச்சு மூலை பேந்துடுச்சுக்கா. முந்தாநாள் நானே பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சேன். அடியில இருந்த சீட்டு பெயின்ட் பட்டு கெட்டுப்போச்சு, பழைய தேதியவே எழுதிப் புதுசா ஒட்டிட்டேன்."

"அது பிழையில்லை. ஆருக்கும் நடக்கும். திகதியை ஏன் பொய்யா எழுதினனீர்? அந்தக் கிண்ணத்துக்கு ஏதும் நடந்திருந்தால்?"

"சொல்லியிருந்தா எனக்கு ரெண்டாவது அவ்விக். வேலை போச்சுன்னா விசா போச்சு. சொல்லாம விட்டு நீங்க கண்டுபிடிச்சாலும் வேலை போச்சு. ரெண்டும் ஒண்ணுதானேக்கா? சொல்லாம இருந்தா தப்பிக்கவாவது ஒரு வழி இருக்குன்னு நெனச்சேன்."

இரண்டும் ஒன்றுதான். இரண்டு நாளைக்கு முன்னர் அதே சொல்லைக் கேட்டு நான் ராசாக்களின் மூளையை அளந்துகொண்டு நின்றேன்.

"தம்பி, அந்தச் சட்டம் பொய்" என்றேன்.

"என்னக்கா?"

"எனக்கு ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்ட அதிகாரம் இல்லை. அண்டைக்குக் கோவத்திலை சொன்னனான். அப்பிடி ஒரு சட்டமே இல்லை."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரிக்கா" என்று மட்டும் சொன்னார்.

5. வெறும் பெட்டி

அன்றே அவ்விக் படிவத்தை நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'பொறுப்பாளர், இல்லாத தண்டனையைச் சொல்லி மிரட்டியதால், பிழையைச் சொல்லப் பணியாளர் பயந்தார்' என்று எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய நோர்வேஜிய வசனங்களில் ஆகக் கடினமானது அதுதான்.

இங்ரிட் அழுதாள். மூன்று வருட உழைப்பின் நாயகம் இல்லாமல் கண்காட்சி திறந்தது. வெறும் பெட்டியைப் பார்த்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மேலிடம் என்னைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. புதுப் பீடம் செய்து, காற்றாட விட்டு, ஐந்தாவது கிழமைதான் கிண்ணத்தை வைத்தோம். செந்திலின் ஒப்பந்தம் அதன்பிறகு நீடித்தது. இப்போது அவர் நிரந்தரப் பணியாளர்.

கதவிலிருந்த சைபரைக் கிழித்தேன். வெள்ளிக்கிழமை வாஃபிளும் திரும்பி வந்தது. ஆனால் பயத்தை ஒரு கூட்டத்தில் உண்டாக்கலாம், ஒரு கூட்டத்தில் போக்க முடியாது. முதல் மூன்று கிழமை என் பிழையை நானே சொல்லி, நானே வாஃபிள் சாப்பிட்டேன். நாலாவது கிழமைதான் இன்னொருவர் வாயைத் திறந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஏழு மாதமாக மூடிவைத்த பிழைகள் பதினொன்று. அதில் இரண்டு, ஆளின் தலையில் விழுந்திருக்கக்கூடியவை.

இளையவர்களே, ஒரு நாள் நீங்களும் ஏதோ ஓர் இடத்துக்குப் பொறுப்பாவீர்கள். கெட்ட செய்தி உங்களிடம் வந்து சேர எத்தனை நாள் எடுக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஆட்சி எத்தனை சென்ரிமீற்றர் என்பது அதில் தெரிந்துவிடும். ஒருவரும் பிழையே சொல்லவில்லை என்றால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பூரித்துப் போகாதீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை செந்திலின் முறை வந்தது. "இந்த வாரம் தப்பு எதுவும் இல்லக்கா" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "சூட்கேஸ் எல்லாத்தையும் நேத்துதான் கீழ ஸ்டோர்ல கொண்டுபோய் வச்சோம். எப்ப கிளம்பச் சொல்லுவாங்களோன்னு இத்தன மாசமா ஹால்லயே கட்டி வச்சிருந்தோம்" என்றார்.