செல்லாத சீட்டு

2009இல் நான் வரலாறு இறுதியாண்டு மாணவன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஆய்வுக்கு எடுத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஒரு நாட்டுப்புறத் தொகுதியில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தல். உறுப்பினர் இறந்துபோக அவருடைய மருமகனை நிறுத்தினார்கள். எப்போதும் அவர்கள் கட்சிக்கே விழும் தொகுதி. பண்ணையாட்கள் அந்தக் கட்சியின் நிற நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டே வாக்களிக்கப் போனதாகப் பழைய பத்திரிகைகள் சொல்லின. மருமகன் வென்றார். ஆனால் நாடாக்களைவிட வாக்குகள் குறைவு. நாடா குத்திய யாரோ உள்ளே போய் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த நேரம், இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சங்கத்தின் செயலாளர் கனடாவுக்குப் போய்விட்டார். சங்கத்தில் போட்டி என்று ஒன்று கிடையாது. நாலு பேர் முதலே போனில் பேசி முடிப்பார்கள். கூட்டத்தில் ‘ஏகமனதாக’ என்று எழுதுவார்கள். இந்த முறை முடிவானது நான். என்னைக் கேட்காமலே அப்பா ஓம் சொல்லியிருந்தார். மூன்று வருடப் பொறுப்பு. எனக்கோ வடக்கே ஒரு நகரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

குட்மேய்ஸ் பகுதிக் கடைகளுக்கு வேனில் மரக்கறி இறக்கிவிட்டு வந்து சாப்பிட இருந்த அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

“முதலே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

“இப்ப ஏலாது. தலைவரிட்டை வாக்குக் குடுத்திட்டன். நாலு பேருக்கு முன்னால எப்பிடி மாத்திச் சொல்லுறது?”

“அப்ப ரகசிய வாக்கெடுப்புக் கேக்கப் போறன்.”

“ஆர் ஆருக்குப் போட்டதெண்டு தெரியாதோ?”

“தெரியாது. சீட்டில போட்டவற்ற பேர் இருந்தால் அது செல்லாது.”

அவர் சோற்றைக் குழைக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பகுதியான செவன் கிங்ஸில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம். நான் எழும்பி ரகசிய வாக்கெடுப்புக் கேட்டேன். “தம்பி பார்லிமென்ட் படிக்கிறார், அதுமாதிரியே செய்வம்,” என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நெடுநாளாக அந்தப் பதவியில் ஆசை வைத்திருந்த கடைக்கார அண்ணையும் போட்டிக்குக் கை உயர்த்தினார். எனக்கு உயிர் வந்தது.

கொப்பித் தாளைக் கிழித்துச் சீட்டு. பிஸ்கட் டின்தான் பெட்டி. சீட்டுச் செல்லுமா என்று பார்க்கும் வேலை எனக்கு, அதனால் நான் போடவில்லை. தலைவர் ஒவ்வொன்றாக விரித்து என்னிடம் நீட்டினார். எல்லாவற்றிலும் என் பெயர். அதற்குக் கீழே, போட்டவரின் பெயரும் கையெழுத்தும். அப்பா தங்களைப் பிழையாக நினைத்துவிடக் கூடாதாம். கடைக்கார அண்ணைகூட எனக்குப் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். “எனக்கு நானே போடுறது வடிவில்லைத்தானே தம்பி.”

கடைசிச் சீட்டில் மட்டும் அந்த அண்ணையின் பெயர். கீழே ஒன்றுமில்லை.

“இதென்ன மொட்டைக் கடிதம்?” என்றார் தலைவர். “ஆர் போட்டது?”

வலப்பக்கம் சரிந்த அந்த எழுத்தை அப்பாவின் டெலிவரித் துண்டுகளில் தினமும் பார்க்கிறவன் நான். அப்பா தேத்தண்ணிப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படித்த சட்டப்படி அந்த ஒரு சீட்டுத்தான் செல்லும். அதைச் சொன்னால் அண்ணை வெல்வார், நான் வடக்கே போகலாம். ஆனால் மற்ற எல்லாரும் பெயர் எழுதியிருந்தார்கள். யாருடைய பெயர் இல்லை என்று தேட ஐந்து நிமிடம் போதும். தலைவருக்கு வாக்குக் கொடுத்த அப்பா, தன் மகனுக்கு எதிராகப் போட்ட ஒரே ஆளாக அங்கே நிற்பார்.

“தம்பி, இது செல்லுமோ?”

“செல்லாது,” என்றேன்.

தலைவர் அதைக் கசக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டார். கைதட்டினார்கள். ‘ஏகமனதாக’ என்று நானே எழுதினேன்.

வேனில் ஏறிய பிறகும் அப்பா திறப்பைப் போட்டு வண்டியைக் கிளப்பவில்லை.

“பேர் எழுதாததுதான் செல்லும் எண்டு நீதானே சொன்னனீ?”

“ஓம் அப்பா.”

சங்கத்தின் பதிவுப் புத்தகம் என் மடியில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு வேனை எடுத்தார்.