கிராஞ்சியில் சரசு பிடுங்கிய களை

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஈசூன் எம்.ஆர்.டி. நிலையத்தில் ரயில் ஏறினோம்: நான், என் மனைவி சரசு, மகள் கவிதா. முப்பத்தொரு வருடம் ஒட்டன்சத்திரம்–பழனி பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் டிக்கெட் விலையும் வண்டி நேரமும்தான் முதலில் கண்ணில் படும். இங்கே டிக்கெட்டே கிடையாது. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. நான் ஆயுசு முழுக்கப் பார்த்த வேலையை ஒரு இரும்புப் பெட்டி வாய் பேசாமல் பார்க்கிறது. எரிச்சலாக இருந்தது.

சிங்கப்பூர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தேக்காவில் சேலைக் கடை, மரினா பேயில் புகைப்படம் என்று சுற்றியும் சரசுவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கவிதாவின் பதினோராம் மாடி வீட்டுச் சன்னலில் நின்றுகொண்டு, "மண்ணையே காணோமே இந்த ஊர்ல" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு ஏக்கரைக் கட்டி மேய்த்தது அவள்தான். நான் பஸ்ஸில், அவள் தோட்டத்தில். அப்படியே காலம் ஓடிவிட்டது. அவளுக்காகத்தான் கவிதா இந்த இயற்கை விவசாயப் பண்ணைக்குப் பதிவு செய்திருந்தாள். சுற்றிப் பார்க்க ஆளுக்குப் பத்து வெள்ளி, அதாவது இந்த ஊர் டாலர். காசு கொடுத்துத் தோட்டம் பார்ப்பார்களா என்று முனகினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆறாவது நிறுத்தம் கிராஞ்சி. அங்கிருந்து பேருந்து. அது அரைமணிக்கு ஒன்றுதான் என்று தெரிந்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எங்கள் ஊரே தேவலாம். உயர்ந்த கட்டடங்கள் பின்னால் போய், சாலையின் இரண்டு பக்கமும் மரமும் நாற்றுப் பண்ணையும் கம்பி வேலியும் வந்தன. தொழிலாளர்களை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. சரசு முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்குப் பண்ணையில் இருந்தோம். ரப்பர் பூட்ஸும் பெரிய தொப்பியுமாக வந்து வரவேற்றவர் மல்லிகா. ஐம்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அலுவலக வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். "ரெண்டு ஏக்கர்தான் லா. லீஸ்ல எடுத்தது," என்றார், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் "லா"வோடு.

"எங்க அளவுதானுங்க!" என்று சரசு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மக்கு உரக் குழி, மண்புழுத் தொட்டி எல்லாம் காட்டிவிட்டு, மல்லிகா எங்களை எலுமிச்சைப்புல் டீ குடிக்கக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். சரசு மட்டும் பாத்திப் பக்கம் நின்றுவிட்டாள். கால்மணி நேரம் கழித்துத் திரும்பினால், ஒரு பாத்தியில் பாதி மொட்டையாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வேர் ஒரு பக்கமாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"ஏனுங்க, இங்கயும் வந்து தொலைஞ்சிருக்குது பாருங்க பார்த்தீனியம்! பூ விடறதுக்குள்ள புடுங்கிப் போட்டேன்," என்றாள் பெருமையாக.

எங்கள் பக்கத்தில் பார்த்தீனியத்தைக் கண்டுவிட்டு யாரும் சும்மா தாண்ட மாட்டார்கள். கை அரிக்கும், மாடு தொடாது, ஒன்று பூத்தால் அடுத்த மழைக்குத் தோட்டமே அதுதான். அதன் இளஞ்செடி இலை கேரட் தழை போலப் பிளந்திருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது.

மல்லிகாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அது களை இல்ல. உலாம் ராஜா. மலாய்க்காரங்க சோத்தோட பச்சையா சாப்பிடுற கீரை. பிடோக்ல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு செவ்வாக்கிழமை குடுக்கணும். நுனிய மட்டும் வெட்டுனா மறுபடி மறுபடி வரும். அந்தக் கடைய நம்பித்தான் இந்தப் பாத்தியே போட்டேன்."

அந்த நேரத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். சிரித்துவிட்டேன். "நாப்பது வருசம் களையெடுத்தவளுக்குக் கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியலையே!"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. சரசு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நீங்க ஒரு நாளாவது எடுத்திருக்கீங்களா?" என்றாள். சுருக்கென்றது.

மணிபர்ஸை எடுத்து, "எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா," என்றேன்.

"காசு வேணாம் அங்கிள். எனக்குச் செடி வேணும்."

சரசு குத்தவைத்து ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தாள். "வேர் அறுபடலைங்க. நுனியக் கிள்ளிட்டு நட்டா பொழைச்சாலும் பொழைக்கும். கிள்ளுன தழை அந்தக் கடைக்கு ஆகுமுங்களா?"

மல்லிகா யோசித்தார். "ஈரத்துணி சுத்தி ஃபிரிட்ஜ்ல வச்சா செவ்வாய் வரைக்கும் தாங்கும் லா."

பதினொரு மணிக்கு நாலு பேரும் பாத்தியில் இறங்கினோம். சரசு கிழக்கிலிருந்து பிடித்தாள். எனக்கு மேற்கு ஓரம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செடியை நட்டேன். முழங்கால் கழன்றுவிடும் போல வலித்தது. "அப்படி அமுக்காதீங்க! வேரை மடக்காதீங்க!" என்று அவள் அங்கிருந்தே அதட்டினாள். "அம்மா கை என்னா ஃபாஸ்ட்டு!" என்று மல்லிகாவே வியந்தார். ஒன்றரை மணிக்கு, நிழல் வலையை மேலே இழுத்துக் கட்டி முடித்தோம்.

மல்லிகா சோறும், சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் கொடுத்தார், கூடவே அந்தக் கீரை. பச்சை மாங்காய் வாசம். சரசு ஒரு இலையைக் கடித்துவிட்டு, "இதையா புடுங்கினேன்," என்று தட்டைத் தள்ளி வைத்தாள். திரும்பும் பேருந்தில் "பொழைக்குமுங்களா?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டாள். எனக்கென்ன தெரியும்? ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு எத்தனை நிறுத்தம் என்று கேட்டால் சொல்வேன்.

திங்கட்கிழமை முழுக்க அவள் சரியாகப் பேசவில்லை. செவ்வாய் மாலை ஆறு மணி, ஊர் திரும்பச் சாங்கி விமான நிலையம். பெட்டிகளைப் போட்டுவிட்டு நின்றோம். கவிதாவின் கைப்பேசிக்குப் படம் ஒன்று வந்தது. கூடவே மல்லிகாவின் குரல்: "அம்மா, கடைக்குத் தழை குடுத்தாச்சு. கொஞ்சம் கம்மிதான், ஆனா அவங்க ஒண்ணும் சொல்லல. செடியப் பாருங்க."

சரசு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கண் கலங்கியிருந்தது. "கெழக்கு வரிசையெல்லாம் நிமுந்துருச்சு," என்றாள். பிறகு படத்தின் இன்னொரு ஓரத்தைத் தொட்டாள். "இந்தா, மேக்கால தலை தொங்கிக் கெடக்குதே, அது பூரா நீங்க நட்டதுங்க."

கவிதா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உடுங்க. ஊருக்குப் போனதும் தக்காளி நாத்து நடோணும். எம்பக்கத்துல வந்து உக்காருங்க, சொல்லித் தர்றேன்," என்றாள் சரசு.

முப்பத்தொரு வருடமும் அவள் தோட்டத்துக்குக் கூப்பிட்ட போதெல்லாம் "எனக்கு டூட்டி இருக்குது" என்றே சொல்லி வந்தவன் நான். அன்றும் வாய் அதற்குத்தான் திறந்தது. சொல்ல டூட்டி எதுவும் இல்லை. "சரி புள்ள," என்றேன்.