பட்டுக்கோட்டை காதர் பாயும் என் காரின் ஸ்டியரிங்கும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம். காதர் பாயின் மருமகன் போனில் கூப்பிட்டார். "மாமா மௌத்தாயிட்டாங்க சார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். கெளம்பி வந்துடுங்க" என்றார். தஞ்சாவூர் கோர்ட் வாசலில் நின்றிருந்த நான் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். கையிலிருந்த கேஸ் கட்டை யாரிடம் கொடுத்தேன் என்பதுகூட நினைவில்லை.

பட்டுக்கோட்டையில் கார் வைத்திருந்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். வளைகுடாவில் கார் வேலை பார்த்துத் திரும்பியவர், வெற்றிலை போடுபவர், வண்டியைத் தொடுவதற்கு முன்பு வண்டிக்காரரை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பவர். ஆனால் ஒரு பகலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அதில் பாதிதான் எனக்கே தெரியும் என்பது அடக்கத்தன்று மாலைதான் தெரிந்தது.

ஆட்சி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. சுவர்களில் சின்னம் மாறியிருந்தது, காவிரியில் தண்ணீர் மட்டும் வரவில்லை. குத்தகைக்காரர்களைக் கிளப்புவதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நிலம் தரிசாகக் கிடக்கும்போது, "சாகுபடியை விட்டுவிட்டார்" என்று ஒரு மனு போட்டால் போதும். வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்குப் பயிரிட்டுவந்த பாக்கியத்தம்மாள் மீது அப்படித்தான் மனு போட்டார்கள். கணவர் இல்லாதவர். நிலத்துக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து நிலத்தை வாங்கிய பட்டுக்கோட்டை கொப்பரை மண்டிக்காரர்தான் எதிராளி. நான் அந்த அம்மாளின் வக்கீல்.

இரண்டு வாய்தாவுக்கு அவரால் வர முடியவில்லை. மூன்றாவது வாய்தா தஞ்சாவூரில் மாலை மூன்று மணிக்கு. அன்றும் நேரில் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு, நிலம் போச்சு. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் கேட்டு ஊரெங்கும் சாலை மறியல், பஸ் கிடையாது. காலையிலேயே என் காரை எடுத்துப் போய் அவரை ஏற்றிக்கொண்டேன். மன்னார்குடி சாலையை மறித்திருந்ததால் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாகச் சுற்றி வந்தோம்.

மூன்று கை மாறி என்னிடம் வந்த கார். பவர் ஸ்டியரிங் என்று பெருமையாக வாங்கியது. நாலைந்து மாதமாகவே அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றால் ஒரே எண்ணெய்தான். பம்ப்செட்டுக்கு வாங்கிய டின்னில் மிச்சமிருப்பது சைக்கிள் செயினுக்கும் போகும், கதவுக் கீலுக்கும் போகும். நான் அதை ஸ்டியரிங்குக்கும் ஊற்றிவந்தேன். படித்த முட்டாள்.

முத்துப்பேட்டை தாண்டியதும் ஸ்டியரிங் முனக ஆரம்பித்தது. பட்டுக்கோட்டைக்குள் நுழையும்போது திருப்பவே முடியவில்லை. பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. முதலில் பார்த்த பட்டறைக்காரர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "சக்கரத்தத் திருப்புற ராக்கு போயிடுச்சு சார், மூணு நாளாகும்" என்றார். மணி பன்னிரண்டே கால். பாக்கியத்தம்மாள் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, "நடந்தா போய்ச் சேந்துருவமா தம்பி?" என்று கேட்டார். ஐம்பது கிலோமீட்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ரோட்டோரம் திரும்பி நின்று அழுதேன்.

அங்கே நின்ற யாரோ கை காட்டித்தான் காதர் பாயின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பானெட்டைத் திறந்தவர் ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவில் விரலை விட்டு முகர்ந்தார். "எவன் சார் இதை ஊத்துனது?"

"நான்தான் பாய்."

"வக்கீலுக்குப் படிச்சீங்களா, இல்ல பம்ப்செட்டுக்குப் படிச்சீங்களா?"

ராக்கு போய்விட்டதாமே என்றேன். "கடைமடையில தண்ணி நிக்குதுன்னா அங்கயா கரை ஒடைஞ்சிருக்கும்? மேலேருந்து பாத்துக்கிட்டு வரணும் சார். சொட்டுற எடத்தைப் பாத்து வைத்தியம் பண்ணக் கூடாது, ஒழுகுற எடத்தைக் கண்டுபிடிக்கணும்" என்றார். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினார். பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு பக்கத்துப் புரோட்டாக் கடைக்குப் போய் ஒரு கை மைதா வாங்கி வந்து பம்பு, குழாய், ராக்கு எல்லாவற்றின் மேலும் தூவினார். கிறுக்கனிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க." திருப்பினேன், தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "நிறுத்துங்க, வந்து பாருங்க." ராக்கின் மேலிருந்த மாவு காய்ந்தே இருந்தது. மேலே, டப்பாவுக்கு எண்ணெய் திரும்பிவரும் ரப்பர் குழாயின் நுனியில், கிளிப்புக்கு அடியில், மாவு கறுப்பாக நனைந்திருந்தது. அங்கே கசிந்த எண்ணெய்தான் குழாய் வழியே இறங்கி ராக்கிலிருந்து சொட்டியிருக்கிறது.

நுனி மட்டும்தான் வெடித்திருந்தது. இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு மறுபடி சொருகினால் போதும் என்றார். வெட்டிக்கொண்டே பாக்கியத்தம்மாளிடம், "எந்த ஊரும்மா, என்ன கேசு?" என்று விசாரித்தார். அவர் எல்லாவற்றையும் சொன்னார், மண்டிக்காரர் பெயரையும் சொன்னார். பாயின் கத்தி நின்றது. தலையைத் தூக்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு கொப்பரை மண்டி. வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் மறுபடி குனிந்துகொண்டார். "நீங்க கவலைப்படாதீங்கம்மா, மூணு மணிக்குள்ள போயிருவீங்க" என்றார். எனக்கோ கடிகாரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

புதுக் கிளிப்பை முடுக்கினார். என் கறுப்பு எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டு, அதற்கென்று உள்ள எண்ணெயை ஊற்றினார். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜின் போடாமல் இருபது தடவையாவது திருப்பச் சொன்னார். டப்பாவில் காற்றுக் குமிழி நிற்கும்வரை விடவில்லை. "அவசரப்பட்டா காத்து உள்ளயே நின்னுரும். அப்புறம் ஒரத்தநாட்டுல நின்னு அழுவணும்." நான் அழுததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். பாக்கியத்தம்மாள் கூண்டில் நின்று, "நான் எங்கயும் போவலைங்கய்யா, தண்ணிதான் வரல" என்றார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மண்டிக்காரர் அப்பீல் போனார். அது ஆறு வருஷம் இழுத்தது. அதிலும் ஜெயித்தோம்.

கார் சரியான அந்தப் பகலுக்கு நாலைந்து மாதம் கழித்து நான் போனபோது காதர் பாய் அந்த இடத்தில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். "இங்க நெழலு நல்லாருக்கு சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு எத்தனையோ வருஷம் அங்கே போய் டீ குடித்தேன். மழைக்காலத்தில் சேற்றில் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் வேலை செய்வார். இருமிக்கொண்டே இருப்பார். வெற்றிலையைக் குறையுங்கள் என்று நான் உபதேசம் செய்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். கதவுக்கு உள்ளிருந்தபடியே அவர் மனைவி பேசினார். "அந்தப் பழைய பட்டறை எடம் மண்டிக்காரரோடதுங்க. ஒங்க வண்டியைப் பாத்துக் குடுத்த மறுநாளே காலி பண்ணச் சொல்லிட்டாரு."

நான் குத்தகைக்காரர்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் வழக்காடுகிறவன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்டே வாங்கியிருப்பேனேம்மா" என்றேன்.

"நானும் அதத்தான் சொன்னேன். அவுகதான், வக்கீல் சார் எனக்காக வந்து நின்னா மண்டிக்காரரு ரெண்டு கேசையும் முடிச்சுப் போட்டுப் பேரம் பேசுவாரு, அந்தம்மா நெலம் கையைவிட்டுப் போயிரும்னாக. அப்பீல் முடியட்டும்னாக. முடிஞ்சப்பறம் சொல்லுங்கன்னேன். இப்ப சொன்னா சார் மனசு கஷ்டப்படும்னுட்டாக."

மறுநாள் பாக்கியத்தம்மாளின் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீங்களாவது கேட்டிருக்கலாமே தம்பி, ஏன் எடம் மாத்துனீங்கன்னு" என்றார்.

கேட்கவில்லை. எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவன், அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. காதர் பாயிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கேட்காத கேள்விதான். இனி அதை யாரிடம் கேட்பது?